இரண்டாம் ஓட்டம்

எங்கள் பெரிய மாமா திருச்செங்கோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். லோடு கட்டும்போது பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்று சொல்வார். "கட்டுன கயித்து மேல இன்னொரு சுத்து..." என்று ஆரம்பிக்கும். அதற்கப்புறம் 'சுத்துங்கடா' என்றாரா, 'சுத்தாதீங்கடா' என்றாரா என்பது மட்டும் எனக்கு மறந்துவிட்டது. கேட்கலாமென்றால் மாமா இல்லை. சுத்தச் சொன்னார் என்றே வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டு வயதுவரைக்கும் வந்துவிட்டேன்.

பஸ் திரும்பும்போது பை உங்களை இடிக்கிறதா? மன்னிக்கணும், இப்படித் திருப்பி வைத்துக்கொள்கிறேன். மேலே வைக்க முடியாதுங்க. உள்ளே எங்கள் குலதெய்வம் கோயிலின் பேர்ப் பட்டியல் இருக்கிறது. மஞ்சள் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. கீழே வைத்தால் கால் படும், மேலே வைத்தால் எவனாவது அதன்மேல் சூட்கேஸை ஏற்றுவான். மடிதான் இதற்கு இடம். நீங்கள் தாராபுரம்தானே? அப்படியானால் நிதானமாகவே சொல்லலாம். நான் குண்டடம் தாண்டி இறங்கிவிடுவேன்.

என் பெயர் லோகநாதன். இருபது வருஷம் மெல்பேர்னில் இருந்தேன். ஓர் ஆஸ்பத்திரியில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. நோயாளிகளின் பேர், வயது, வியாதி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த அலமாரிக்கு நான் காவல். ஐந்தாவது வரைக்கும் ஊரில் தமிழ், அப்புறம் ஊட்டி ஹாஸ்டலில் இங்கிலீஷ். இரண்டு பாஷையிலும் படித்தவன். சந்தேகம் வந்தால் அகராதி பார்ப்பேன். இரண்டு அகராதி பார்ப்பேன். கதவைப் பூட்டினால் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி யமுனா யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவாள்: "இவருக்குக் கல்யாணமே ரெண்டு தடவைங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒண்ணு, கோயில்ல ஒண்ணு. அப்பவும் சந்தேகம்." சொல்லட்டும். ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்தில் ஒரு நோயாளியின் பெயர்கூட என் கையால் கெட்டதில்லை. அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வைகாசிப் பூசையன்று பங்காளிக் குடும்பங்கள் எல்லாவற்றையும் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட குடும்பத்துத் தலைக்கட்டு முன்னால் போய்த் திருநீறு வாங்க வேண்டும். பேர் கூப்பிட்டால் பங்காளி. கூப்பிடாவிட்டால் வந்துபோகிற விருந்தாளி. மூன்று பூசைக்குத் தொடர்ந்து வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். அப்பா போனபிறகு எங்கள் பேர் அப்படித்தான் போயிற்று.

நான் ஊர் திரும்பிய முதல் வருஷம் என்ன ஆயிற்று தெரியுமா? என்னை விருந்தாளிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். தலைவாழை இலை. "பாயசம் இன்னொரு கரண்டி ஊத்துங்க, வெளிநாட்டுல இருந்து வந்திருக்கறாரு" என்று இரண்டாந்தரம் ஊற்றினார்கள். என் வயதுப் பங்காளிகள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எச்சில் இலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் எழுந்து போய் ஒரு இலையைத் தொட்டேன். ஒருத்தர் கையைப் பிடித்துத் தடுத்தார். "நீங்க உடுங்க சார். நீங்க போய் ஃபேனுக்குக் கீழ உக்காருங்க." சார். என் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரே கிணற்றில் நீச்சல் பழகியவர்கள்.

அன்றைக்கே கமிட்டித் தலைவரிடம் போய் நின்றேன். பொங்கியண்ணன் என்று பேர். எனக்குப் பெரியப்பா முறை. பேரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "சேத்தலாம் லோகு. ஆனா சும்மா வந்து பேரைச் சேத்துன்னா நாலு பேரு கேப்பாங்கல்ல? கோயிலுக்கு ஒரு வேலை செஞ்சு குடு" என்றார். என்ன வேலை என்று கேட்டேன். "கம்ப்யூட்டரு சாகக் கிடக்குது. அதுக்குள்ள அத்தனை பேரும் இருக்குது."

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். பேர்களை எல்லாம் கோயில் ஆபீசில் கமலவேணி என்ற பெண்மணி பல வருஷமாக அடித்து வைத்திருந்தார். ஒரு பழைய எழுத்துருவில். கோவையில் யாரோ செய்து கொடுத்ததாம். அந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தால் தமிழ். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் கொக்கியும் கோடுமாக வரும். ஏனென்றால் உள்ளே இருப்பது தமிழே இல்லை. இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. வேஷத்தைக் கலைத்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற எழுத்தாக மாற்ற வேண்டும். யூனிகோட் என்பார்கள். உங்கள் போனில் வருகிற தமிழ் அதுதான். மாற்றுவதற்கு நானே ஒரு நிரல் எழுதினேன். கொக்கி வந்தால் இந்த எழுத்து, கோடு வந்தால் அந்த எழுத்து. அருமையான நிரல். இன்றைக்கும் அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

முதலில் பிரதி எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாக. அப்புறம் நிரலை ஓட்டினேன். திரையைப் பார்த்தால் கட்டம் கட்டமாக நிற்கிறது. எழுத்தே இல்லை, வெறும் சதுரம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மாறியதா இல்லையா என்று. மாறாவிட்டால் வம்பு. மாறியிருந்தால் இன்னொரு தடவை ஓட்டுவதில் என்ன கெட்டுவிடப் போகிறது? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது தடவையும் ஓட்டினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குப் புதுத் தமிழைக் காட்டத் தெரியாது. அதனால்தான் கட்டம். உள்ளே முதல் ஓட்டத்திலேயே எல்லாம் தங்கமாக மாறியிருக்கிறது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் செய்த தப்பு அது.

"அண்ணா, ஒருக்கா வேற மிஷின்ல போட்டுப் பாத்துக்கலாங்களா?" என்று கமலவேணி கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "அம்மிணி, இரண்டு தடவை செய்தாகிவிட்டது" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கடைசியாக என் பேர். அதைப் பழைய எழுத்தில் அடித்து, அதையும் மாற்றுவானேன்? என் மடிக்கணினியில் நேராகப் புதுத் தமிழிலேயே அடித்து, கொண்டுவந்து பட்டியலின் கடைசி வரியில் ஒட்டினேன். 'லோகநாதன், மெல்பேர்ன்.' எல்லாருக்கும் பேரோடு தோட்டத்துப் பேர் இருக்கிறது, ஊஞ்சக்காடு, கரட்டுத்தோட்டம் என்று. எங்கள் ஊஞ்சக்காட்டை அப்பா இருக்கும்போதே விற்றாயிற்று. அதனால் நான் இருந்த இடத்தைப் போட்டேன். இதில் என்ன கர்வம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சரி, அச்சடித்த பட்டியலை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்க்கக் கூடாது. அதுவும் வழக்கம்தான். எங்கள் கோயிலில் இரண்டு வகையறா. பெரியகாட்டுக்குப் பொங்கியண்ணப் பெரியப்பா தலைக்கட்டு, சின்னகாட்டுக்குச் சென்னியப்பச் சித்தப்பா. முதல் பேர் யாருடையது என்பதில் இரண்டு வகையறாவுக்கும் தீராத சண்டை. பெரியகாடு மூத்தது என்று அவர்கள். கோயிலுக்கு இடம் கொடுத்தது சின்னகாடு என்று இவர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போய்ப் பல காலம் ஆகிறது. முன்கூட்டியே பட்டியலைப் பார்த்தால் பூசைக்கு முன்னாலேயே அடிதடி. அதனால் கமலவேணி தன் மனம்போல ஒரு வருஷம் இவர்களை முதலில் போடுவார், ஒரு வருஷம் அவர்களை. யாரிடமும் சொல்ல மாட்டார். பட்டியலை மஞ்சள் துணியில் கட்டிச் சாமி காலடியில் வைத்துவிடுவார்கள். பூசையன்று மைக் முன்னால்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தபிறகு சண்டை. பூசை நாளன்று கோயில் வாசலில் ஒரு போலீஸ் ஜீப் நிற்கும், அதற்கும் பொங்கல் உண்டு.

கோயில் பிரிண்டர் ரிப்பேர். தாராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கலாம், ஆனால் இரண்டு வகையறாவும் கூடவே வர வேண்டும் என்று தீர்மானம். என் காரில் முன்னால் பெரியப்பா, பின்னால் சித்தப்பா. இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "லோகு, பின்னால இருக்கறவரு கண்ணாடிய ஏத்தச் சொல்லு, காத்து அடிக்குது" என்பார் பெரியப்பா. "லோகு, காத்து எல்லாருக்கும் பொதுன்னு சொல்லு" என்பார் சித்தப்பா. தாராபுரம் வரைக்கும் நான்தான் தபால்காரன்.

கடையில் மூன்று பேரும் வரிசையாகச் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றோம். மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கடைக்காரர் முதல் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, இது என்ன பாஷைங்க?"

"தமிழ்தான். அடியுங்கள்" என்றேன், திரும்பாமல்.

"ஒருக்கா பாத்துருங்களேன்."

"பார்க்கக் கூடாது."

"பாக்காம எப்படிங்க..."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "யோவ், அடிக்கறதுதானய்யா உன்ற வேலை. படிக்கறதுக்குக் கோயில்ல ஆள் இருக்குது." பெரியப்பா எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டே, "அது சரி" என்றார். பல வருஷத்தில் இவர் சொன்னதற்கு அவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

பூசை வந்தது. நல்ல கூட்டம். நான் புது வேட்டி கட்டிக் கடைசியில் நின்றேன், கடைசிப் பேர் என்னுடையது அல்லவா. எங்கள் பூசாரி ரங்கசாமி அண்ணன் முடிச்சை அவிழ்த்தார், கண்ணாடியைப் போட்டார், தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். சாமியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மைக்கில் ஆரம்பித்தார்.

"ஹ்ரீகூ ஹ்ரீமௌ ஹ்ரீணு ஹ்ரௌபே ஹ்ரீகூ..."

விஷயம் இதுதான். ஏற்கெனவே தமிழாக மாறிவிட்டதை என் நிரல் மறுபடியும் பழைய எழுத்து என்று நினைத்து மாற்றியிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று துண்டாக இருக்கும். முதல் துண்டு எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான், இரண்டாவதும் அநேகமாக ஒன்றுதான். அந்தத் துண்டுகளுக்கு என் அட்டவணையில் 'ஹ்', 'ரீ'. ஆக யார் பேராக இருந்தாலும் எழுத்துக்கு ஒரு ஹ்ரீ. நிரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இந்த வருசம் மந்திரமெல்லாம் சொல்றாங்க" என்று என் பக்கத்தில் ஒரு அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பூசாரி ஒரு வரியை முடித்துவிட்டு நிறுத்தினார். வழக்கமாக அங்கே ஆள் வர வேண்டும். யாரும் வரவில்லை.

"வாங்க" என்றார் பூசாரி.

"யாரு வரோணும்?" என்றார் பெரியப்பா.

"முதல் பேருக்காரரு."

"முதல் பேரு யாரு?"

"இப்பப் படிச்சனே."

பெரியப்பா ஒரு அடி முன்னால் வந்தார். உடனே சித்தப்பாவும் ஒரு அடி முன்னால் வந்தார். இரண்டு பேரும் நின்றார்கள். என் பேர்தான் படித்தது என்று சொல்ல இருவரிடமும் ஆதாரம் இல்லை. என் பேர் இல்லை என்று விட்டுக்கொடுக்கவும் ஆதாரம் இல்லை. வாசலில் ஜீப்பில் இருந்த ஏட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பூசாரி திருநீற்றுத் தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டிவிட்டார். "சாமி கால்ல இருந்து எடுத்த தாளு. இருக்கறதப் படிச்சுட்டேன். யாருதோ எடுத்துக்கங்க." இரண்டு கையும் ஒரே நேரத்தில் தட்டுக்குள் போயின. விரல் இடித்திருக்கும். சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார். பெரியப்பா தாமே ஒரு சிட்டிகை எடுத்து அவர் நெற்றியில் வைத்துவிட்டார். ஏன் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் தடையே இல்லை. அவரவருக்குத் தன் முன்னால் யார், பின்னால் யார் என்று தெரியும். கரட்டுத்தோட்டம் வந்தால் அடுத்தது பள்ளக்காடு. பூசாரி ஒரு ஹ்ரீ வரியைப் படிப்பார், ஒருவர் வருவார். இன்னொரு வரி, இன்னொருவர். படித்ததற்கும் வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு வருஷமும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லையாம். ஏட்டு பொங்கலை வாங்கிக்கொண்டு நேரத்தோடு கிளம்பிவிட்டார்.

கடைசி வரி வந்தது. பூசாரியின் குரல் திடீரென்று தெளிந்தது.

"லோகநாதன், மெல்பேர்ன்."

கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியது. யாரோ பின்னால் சொன்னார்: "அட. இது ஒண்ணு மட்டும் நல்லாப் புரியுது." இன்னொருவர்: "யாரு அடிச்சது இந்தப் பட்டியலு?" கமலவேணி தலையைக் குனிந்துகொண்டார். நான் போய்த் திருநீறு வாங்கினேன். பூசாரி வைக்கும்போது, "உங்களுக்கு மட்டும் சாமி பச்சத் தமிழ்ல எழுதியிருக்குதுங்க" என்றார், மைக்கை மூடாமல்.

அதுதான் என் வயிற்றெரிச்சல். ஊரார் பேரை எல்லாம் சிதைத்துவிட்டுத் தன் பேரை மட்டும் அழகாக எழுதிக்கொண்டான் என்று ஆகிவிட்டது. டீக்கடைக்குப் போனால் "வாங்க, தெளிவானவரே" என்கிறார்கள். பந்தியில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி வரிசை, ஃபேனுக்குக் கீழே. பாயசம் மூன்று தடவை.

ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டேன். பிரதி இரண்டு இருந்ததே. ஒன்றை எடுத்து ஒரே ஒரு தடவை ஓட்டினேன். கண்ணாடி மாதிரி வந்தது. போன மாதம் கமிட்டியில், வழக்கத்தை மறந்து, அதைக் காட்டி யூனிகோட் பற்றி ஒரு சின்ன உரையும் ஆற்றினேன். யாரும் கைதட்டவில்லை. பெரியப்பாதான் கேட்டார், "முதல் பேரு யாருது?"

"இந்தப் பட்டியல்படி பெரியகாடு."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நாங்க வரலீங்க."

"ஏன்யா, போன வருசம் ரண்டு பேரும்தானே வாங்குனோம்" என்றார் பெரியப்பா.

"போன வருசம் யாரு பேருன்னு தெரியாது. வாங்குனோம். இப்பத் தெரியுதே."

"தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா நான் ரண்டாவது."

அரைமணி நேரம் பழைய சண்டை முழுக்க ஓடியது. இடம் கொடுத்த கதை, மூத்த கதை, யாரோ தாத்தாவைத் தேரில் ஏறவிடாத கதை. இத்தனைக்கும் போன ஆவணியில்தான் சித்தப்பாவின் பேத்தி காதுகுத்துக்குப் பெரியப்பா போய் முதல் பந்தியில் சாப்பிட்டிருந்தார். கமலவேணி என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, போன வருசம் பண்ணுன மாதிரியே பண்ணீருங்களேன்" என்றார். நான் விளக்கினேன். அது பண்ணியது இல்லை, ஆனது. தமிழைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக நிறுத்துவதற்கு எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள், அதை வேண்டுமென்றே குலைப்பதா, நான் இரண்டு பாஷை படித்தவன், என் கையால் முடியாது என்றேன். "அதுக்கில்லீங்ணா. அன்னிக்குச் சண்டையும் இல்லை, யாருமே அழுகலை. அதான் சொன்னேன்" என்றார். கடைசியில் பெரியப்பா எழுந்துகொண்டே, "லோகு, உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். நாங்க பாக்கறதில்லை" என்றார்.

பல்லடம் தாண்டிவிட்டது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் இரண்டு பெரியவர்கள் தோளில் தோள் சாய்ந்து தூங்குகிறார்களே, தெரிகிறதா? மீசை வைத்திருப்பவர் பெரியப்பா. கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்திருப்பவர் சித்தப்பா. கோவையில் அச்செடுத்துவிட்டு வருகிறோம், என் கார் சர்வீசில் இருக்கிறது. இந்தத் தடவையும் கடையில் திரும்பித்தான் நின்றோம். மெதுவாகப் பேசுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். இது அவர்களுக்குத் தெரியாது, கமலவேணிக்கும் தெரியாது. நீங்கள் தாராபுரம், எங்கள் கோயிலுக்கு வரப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

நேற்று சரியான பட்டியலை எடுத்தேன். கடைசி வரியில் மெல்பேர்னை எடுத்துவிட்டு ஊஞ்சக்காடு என்று போட்டேன். அந்த வரியையும் உள்ளே சேர்த்து, நிரலை இன்னொரு தடவை ஓட்டினேன்.